சட்டமன்றமா, வழக்கு மன்றமா? லிங்கனை ஆளாக்கியது எது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன் முக்கியமாக இரண்டு வேலை பார்த்தார். ஒன்று, இல்லினாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 1834-ல் தொடங்கி வரிசையாக நான்கு முறை ஜெயித்தார். இன்னொன்று, ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் வக்கீல். ஏறக்குறைய 25 ஆண்டுகள். நடுவில் ஒரே ஒரு முறை, 1847 முதல் 1849 வரை, வாஷிங்டன் போய் காங்கிரஸில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பினார். அது இரண்டு அணிக்கும் பொது, விட்டுவிடுவோம். அந்த மனிதரை ஆளாக்கியது சட்டமன்றமா, வழக்கு மன்றமா என்பதுதான் கேள்வி. வழக்கு மன்றமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பிரமாதமாகப் பேசினார். மூன்று கேள்விகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். லிங்கன் கையில் சட்டப் புத்தகத்தைக் கொடுத்ததே ஒரு சட்டமன்ற உறுப்பினர்தானே என்பது முதல் கேள்வி. அடிமைமுறை அநியாயம் என்று 1837-லேயே சட்டமன்றத்தில் எழுதிக் கொடுத்தவர், பத்து வருடம் கழித்து வழக்கு மன்றத்தில் ஓர் அடிமை முதலாளிக்காக வாதாடினாரே என்பது இரண்டாவது. அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்துக்குத் தலை எண்ணி வாக்குச் சேர்த்தாரே, அந்த வித்தை சட்டமன்றத்தில் கற்றதுதானே என்பது மூன்றாவது. மூன்றுமே நியாயமான கேள்விகள். இரண்டாவது என்னைத் தூங்கவிடாத கேள்வி. நானும் வக்கீல் தொழிலில் இருப்பவன் என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன். வரிசையாக வருகிறேன்.

புத்தகம் கொடுத்தவர் ஜான் டாட் ஸ்டூவர்ட். உண்மைதான். 1834 தேர்தலில் லிங்கனோடு சேர்ந்து வாக்குக் கேட்டவர். 'நீ சட்டம் படி' என்று சொன்னவரும் அவர்தான். பின்னால் லிங்கனின் முதல் கூட்டாளியும் ஆனார். ஆனால் அதற்கும் முன்னால் நியூ சேலம் என்ற குக்கிராமத்தில் நடந்ததை நண்பர் சொல்லவில்லை. அங்கே போலிங் கிரீன் என்று உள்ளூர் நீதிபதி ஒருவர் இருந்தார். கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்த நெட்டை இளைஞனின் பேச்சு அவருக்குப் பிடித்துப்போய், தன் முன்னால் வரும் சில்லறை வழக்குகளில் பேசவிட்டார். கிராமத்தில் யாராவது நிலம் விற்றால், கடன் கொடுத்தால், பத்திரம் எழுதிக் கொடுப்பதும் இந்த இளைஞன்தான். பதவியும் இல்லை, வக்கீல் தொழில் செய்ய உரிமம் தரும் சன்னதும் இல்லை.

சரி, சட்டமன்றத்துக்குப் போன பிறகு படிப்பு என்ன ஆனது? 1860-ல் லிங்கனே தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். தன்னையே 'அவர்' என்று வைத்து எழுதியது. அதில் ஒரு வரி. சட்டமன்றம் கூடியபோது சட்டப் புத்தகங்கள் கீழே வைக்கப்பட்டன, கூட்டம் முடிந்ததும் மறுபடி எடுக்கப்பட்டன. நடுவர் அவர்களே, இது நான் சொல்வதல்ல. சம்பந்தப்பட்டவரே எழுதிக் கையில் கொடுத்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்.

இனி சட்டமன்றத்துக்குள் போய்ப் பார்ப்போம். அப்போது தலைநகரம் வண்டேலியா. அதை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற வேண்டும் என்று சாங்கமன் மாவட்ட உறுப்பினர்கள் ஒன்பது பேர் கச்சை கட்டினார்கள். சராசரி உயரமே ஆறடிக்கு மேல். 'நெட்டை ஒன்பது' என்றே பெயர் வந்துவிட்டது. அவர்களில் லிங்கன் முக்கியமானவர். 1837-ல் ஜெயித்தார்கள். அதே கூட்டத் தொடரில் ரயில் பாதை, சாலை, ஆறு சீரமைப்பு என்று சுமார் ஒரு கோடி டாலர் கடன் வாங்கிச் செலவு செய்யச் சட்டம் போட்டார்கள். தலைநகரத்துக்கு வாக்கு வாங்க இந்தத் திட்டங்களை வைத்துப் பேரம் பேசினார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு வந்தது. அது எவ்வளவு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் திட்டத்துக்கு லிங்கன் முழு மனதோடு வாக்களித்தார், நாடு முழுக்கப் பொருளாதாரம் சரிந்த பிறகும் கைவிட மறுத்தார், மாநிலம் வட்டி கட்ட முடியாத நிலைக்குப் போனது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1840 கணக்குப்படி ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. ஒரு கோடி டாலர் எப்படிப்பட்ட பாரம் என்று யோசித்துப் பாருங்கள். தன் சொந்தக் கடனைக் காசு காசாக அடைத்த மனிதர், ஊர்ப்பணம் என்று வந்தபோது கணக்குப் பார்க்காமல் கையைத் தூக்கினார். நல்ல மனிதரையும் அப்படித் தூக்க வைக்கிற இடம் அது.

1840 டிசம்பர். புதிய சட்டமன்றக் கட்டடம் முடியவில்லை, ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தேவாலயத்தில் கூட்டம் நடக்கிறது. அன்று கூட்டத்தை முடித்து வைத்துவிட்டால் அரசு வங்கி தன் நோட்டுகளுக்கு உடனே வெள்ளிக்காசு எண்ணிக் கொடுத்தாக வேண்டும். வங்கியிடம் அவ்வளவு காசு இல்லை. லிங்கனின் விக் கட்சிக்காரர்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் இருக்க வெளியே நின்றுகொண்டார்கள். லிங்கனும் இன்னும் ஓரிருவரும் மட்டும் உள்ளே இருந்து வேவு பார்த்தார்கள். எண்ணிக்கை சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் கதவைப் பார்த்தார்கள், அது அடைபட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வெளியே குதித்தார்கள். அதற்குள் அவர்களையும் சேர்த்தே கணக்கு எடுத்தாகிவிட்டது. குதித்ததில் பயன் இல்லை, ஊர் சிரித்ததுதான் மிச்சம். அந்தச் சம்பவத்தை யாராவது நினைவுபடுத்தினால் கடைசிவரை அவருக்குப் பிடிக்காது.

அந்தக் காலத்து லிங்கனின் நாக்கையும் பாருங்கள். 1840-ல் ஜெஸ்ஸி தாமஸ் என்ற எதிர்க்கட்சிக்காரரை மேடையில் அவர் நடையையும் குரலையும் அப்படியே செய்து காட்டிக் கிண்டலடித்தார். அந்த மனிதர் கண்ணீரோடு இடத்தை விட்டுப் போனார். லிங்கன் பின்னால் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார் என்று, பின்னாளில் அவருடைய வக்கீல் கூட்டாளியான ஹெர்ண்டன் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து, மாநிலத் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கேலி செய்து பெயர் போடாமல் பத்திரிகையில் கடிதம் எழுதினார். ஷீல்ட்ஸ் சண்டைக்குக் கூப்பிட்டுவிட்டார். 1842 செப்டம்பர் 22, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து போய் இரண்டு பேரும் வாளோடு நின்றார்கள். நண்பர்கள் குறுக்கே விழுந்து சமரசம் செய்யாமல் இருந்தால் அமெரிக்க வரலாறே வேறு. சட்டமன்றத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்த லிங்கன் இவர்தான். கெட்டிக்காரர், வாய்ச்சொல்லில் வீரர், எதிரியை அழ வைக்கத் தெரிந்தவர்.

இப்போது பன்னிரண்டு வருடம் தாண்டி வாருங்கள். 1854 அக்டோபர் 16, பியோரியா. அடிமைமுறை புதிய நிலங்களுக்குப் பரவ வழி திறந்துவிட்ட சட்டத்தை எதிர்த்து லிங்கன் மூன்று மணி நேரம் பேசுகிறார். எதிரே இருப்பது அவர் வாழ்க்கையின் பெரிய பகை. அந்தப் பேச்சில், அடிமைமுறை இருந்த தென் மாநிலங்களின் தெற்கத்திக்காரர்களைப் பற்றி என்ன சொல்கிறார்? அவர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை, அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் அப்படித்தான் இருந்திருப்போம் என்கிறார். கேலி இல்லை, நக்கல் இல்லை. எதிராளியின் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவன் பேச்சு அது.

வாள் எடுத்த கை இப்படிப் பேசும் நாக்காக மாறிய இடம் எது? நடுவில் அந்தப் பன்னிரண்டு வருடம் அவர் எங்கே இருந்தார்? காங்கிரஸ் இரண்டு வருடம் போக, மீதி எல்லாம் எட்டாவது நீதி வட்டாரத்தில், குதிரை வண்டியில், மண் சாலையில். 1849 முதல் 1854 வரை முன்னெப்போதையும் விட மும்முரமாக வக்கீல் தொழில் பார்த்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அரசியல் நினைப்பே ஏறக்குறைய மறந்துபோயிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, 1854-ல் எழுந்து நின்றவர் வழக்கு மன்றத்திலிருந்து எழுந்து வந்தவர்.

அந்த வட்டார வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நடுவர் அவர்களே. எனக்கு லிங்கனின் வாழ்க்கையிலேயே பிடித்த பகுதி அதுதான். வசந்த காலத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, நீதிபதியும் வக்கீல்களும் கூட்டமாகக் கிளம்புவார்கள். ஒரு கட்டத்தில் 14 மாவட்டங்கள். ஒரு மாவட்டத் தலைநகரில் சில நாள், வழக்குகள் முடிந்ததும் அடுத்த ஊர். ஒவ்வொரு சுற்றும் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். பாலம் இல்லாத ஓடைகள். சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு வக்கீல். நீதிபதி டேவிட் டேவிஸ் மட்டும் தனிக் கட்டில், அவ்வளவு பெரிய உடம்பு அவருக்கு. காலையில் மன்றத்தில் கிழி கிழி என்று கிழித்துக்கொண்ட இரண்டு வக்கீல்கள் ராத்திரி ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் படுக்க வேண்டும். மறுநாள் அடுத்த வழக்கில் அதே இரண்டு பேர் ஒரே பக்கம் நிற்க வேண்டியிருக்கும். இப்படி வருடக்கணக்கில் வாழ்ந்தவனால் எதிராளியை நிரந்தரப் பகைவனாக நினைக்க முடியுமா? சட்டமன்றத்தில் கட்சி வாரியாகத் தனித்தனியாக உட்காரலாம். வட்டாரத்தில் அது நடக்காது.

என்ன வழக்குகள்? பெரிய பெரிய அரசியல் சாசன வழக்குகள் என்று நினைக்காதீர்கள். அவர் கையில் வந்த வழக்குகள் ஐயாயிரத்துக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் கொடுக்கல் வாங்கல். நோட்டு எழுதிக் கொடுத்தவன் பணம் தரவில்லை, வேலி தாண்டி மாடு மேய்ந்துவிட்டது, விற்ற குதிரைக்குக் கண் தெரியவில்லை, அக்கம்பக்கத்தில் அவதூறு பேசினாள், இப்படி. கட்டணம் ஐந்து டாலர், பத்து டாலர். வந்ததைக் கூட்டாளி ஹெர்ண்டனோடு சரிபாதி. வயதிலும் அனுபவத்திலும் சின்னவர் ஹெர்ண்டன், ஆனாலும் சரிபாதிதான். முக்கியமான காகிதங்களைத் தன் உயரத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அலைவார். அலுவலகத்தில் ஒரு கட்டின் மேல், 'வேறு எங்கும் கிடைக்காவிட்டால் இதற்குள் பாருங்கள்' என்று எழுதி வைத்திருந்தார். கட்டு கலைந்து கிடந்தாலும் வழக்கின் உயிர்நாடி மட்டும் தலைக்குள் ஒழுங்காக இருந்தது.

அது எப்படி என்று கூடவே இருந்த லியனார்டு ஸ்வெட் என்ற வக்கீல் சொல்லியிருக்கிறார். மற்ற வக்கீல்கள் ஒவ்வொன்றுக்கும் 'ஆட்சேபணை' என்று எழுந்து நிற்பார்கள். லிங்கன் உட்கார்ந்தபடியே, சரி, அது இருக்கட்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே போவார். ஆறு விஷயங்களை விட்டுக்கொடுத்து ஏழாவதைப் பிடித்துக்கொள்வார். வழக்கே அந்த ஏழாவதில்தான் இருக்கும். இவரை வெள்ளந்தி என்று நினைத்தவன் சீக்கிரமே பள்ளத்தில் மல்லாந்து கிடப்பான் என்கிறார் ஸ்வெட்.

என் சீனியர் முதல் நாள் எனக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். உன் கட்சிக்காரன் கதையை அப்புறம் கேள், முதலில் எதிர்த்தரப்புக் கட்டைப் படி என்றார். எதிரி சொல்வதில் எது உண்மை என்று முதலில் பிரித்து அவனிடமே கொடுத்துவிட்டால், மீதி இருப்பது நமக்கு. பியோரியாவில் லிங்கன் செய்தது இதைத்தான். அவர்கள் இடத்தில் நாமும் அப்படித்தான் என்று ஆறையும் கொடுத்தார். மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருப்பது தவறு என்ற ஏழாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வழக்கை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம். 1858 மே 7, பியர்ட்ஸ்டவுன். குற்றவாளிக் கூண்டில் டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன். முந்தைய வருடம் ஆகஸ்ட் 29 இரவு, மெட்ஸ்கர் என்பவனை அடித்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. டஃப்பின் அம்மா ஹன்னா, சமீபத்தில் கணவனை இழந்தவள். நியூ சேலத்தில் லிங்கன் ஒன்றுமில்லாமல் அலைந்த காலத்தில் அவருக்குச் சோறு போட்டு, கிழிந்த கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் அந்த அம்மாள். குழந்தை டஃப்பைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர் லிங்கன் என்றும் சொல்வார்கள். அவள் கேட்டதும் வந்தார். ஒரு காசு வாங்கவில்லை.

முக்கியச் சாட்சி சார்லஸ் ஆலன். இரவு பதினோரு மணி, 150 அடி தூரத்திலிருந்து அடித்ததைப் பார்த்தேன் என்றான். எப்படித் தெரிந்தது? நிலா வெளிச்சம். லிங்கன் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார். நிலா எங்கே இருந்தது? உயரத்தில். நன்றாக வெளிச்சமாக இருந்ததா? இருந்தது. மறுபடி கேட்டார். வேறு வார்த்தையில் இன்னொரு முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் சாட்சி அதே நிலாவை அதே உயரத்தில் வைத்து ஆணி அடித்தான். குறுக்கு விசாரணை செய்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் பொறுமை எவ்வளவு கஷ்டம் என்று. கையில் ஆயுதம் இருக்கிறது, உடனே வீசத் தோன்றும். அவர் வீசவில்லை. சாட்சி தப்பிக்க ஒரு கதவும் திறந்திருக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொன்னார். அந்த இரவில் பன்னிரண்டு மணி தாண்டி ஒரு சில நிமிடத்தில் நிலா மறைந்துவிட்டது. பதினோரு மணிக்கு அது உச்சியில் நிற்கவே முடியாது. அடிவானத்தை நெருங்கித் தொங்கியிருக்கும். ஜூரிகள் டஃப்பை விடுதலை செய்தார்கள்.

இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆவணம், அப்புறம் வாதம். 1860 பிப்ரவரி 27, நியூயார்க் கூப்பர் யூனியன் மண்டபம். புதிய நிலங்களில் அடிமைமுறையைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரமே இல்லை, நாட்டை உருவாக்கியவர்களின் எண்ணமும் அதுதான் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. லிங்கன் என்ன செய்தார்? உணர்ச்சி பொங்கப் பேசினாரா? அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட 39 பேரையும் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். எந்த வருடம், எந்த மசோதா, யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பழைய பதிவுகளைப் புரட்டி எடுத்து வைத்தார். 39 பேரில் 21 பேர், அதாவது தெளிவான பெரும்பான்மை, அந்த அதிகாரம் உண்டு என்று தங்கள் செயலால் காட்டியவர்கள் என்று நிரூபித்தார். பியர்ட்ஸ்டவுனில் பஞ்சாங்கம், நியூயார்க்கில் பழைய வாக்குப் பதிவேடு. அவரை ஜனாதிபதி வேட்பாளர் வரிசைக்குத் தள்ளிய பேச்சு அது. எந்தப் பள்ளியில் படித்த பேச்சு என்று நடுவரே சொல்லட்டும்.

வேட்பாளர் ஆனது மட்டும் எப்படி? 1860-ல் சிகாகோ மாநாட்டில் ராப்பகலாக அலைந்து லிங்கனுக்கு ஆதரவு திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் அந்தத் தனிக் கட்டில் நீதிபதி டேவிட் டேவிஸ். கூடவே ஸ்வெட். வட்டாரத்தில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன்.

1847 அக்டோபர், கோல்ஸ் மாவட்டம். ராபர்ட் மேட்சன் என்ற கென்டக்கி நிலக்காரன், ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவள் பிள்ளைகள் நால்வரையும் இல்லினாயில் இருந்த தன் பண்ணையில் வேலைக்கு வைத்திருந்தான். அவர்களை மறுபடி தெற்கே கொண்டுபோய்விடுவான் என்ற பயத்தில் அவர்கள் ஓடிப்போய் அடைக்கலம் கேட்டார்கள். மேட்சன் வழக்குப் போட்டான். அவன் பக்கம் நின்ற வக்கீல்களில் ஒருவர் லிங்கன். ஆம், லிங்கன்தான். நண்பர் சொன்னது உண்மை. வக்கீலுக்குக் கட்சிக்காரன் முக்கியம், யார் வந்தாலும் வாதாட வேண்டும், அது தொழில் தர்மம் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு தாயையும் நாலு குழந்தைகளையும் திரும்ப நுகத்தடியில் பூட்டக் கேட்ட வழக்கு அது. அவர் அதை எடுத்திருக்கக் கூடாது. இதில் நண்பரோடு நான் சண்டை போடவில்லை.

ஆனால் அந்த அறையில் நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள். ஜேனுக்காக இரண்டு வக்கீல்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். நிலையாகக் குடியிருக்கக் கொண்டுவந்தாய், இந்த மண்ணில் அடிமைமுறை இல்லை, இவர்கள் சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். லிங்கன் தோற்றார். வழக்கு மன்றம் லிங்கனைவிடப் பெரியது என்று அன்று தெரிந்தது. என் கட்சி அவர் தோற்றதில் இருக்கிறது. அவர் தப்பான பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு குரல் கொடுக்கும்படி அமைக்கப்பட்ட இடம் அது. வண்டேலியாவில் ஜேன் பிரையன்டுக்கு ஒரு நாற்காலி இருந்ததா?

அதே மன்றத்தின் இன்னொரு நாளையும் சேர்த்துப் பாருங்கள். 1841, மாநில உச்ச நீதிமன்றம், பெய்லி எதிர் குரோம்வெல். நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கு எழுதிய கடன் நோட்டு. பணம் கொடு என்று வழக்கு. லிங்கன் பெய்லிக்காக நின்று, இல்லினாயில் அந்தப் பெண் சுதந்திரமானவள், சுதந்திரமான மனுஷியை விற்க முடியாது, விற்க முடியாததற்கு எழுதிய நோட்டு செல்லாது என்றார். நிறம் எதுவானாலும் இந்த மாநிலத்தில் ஒவ்வொருவரும் சுதந்திரமானவர் என்றே சட்டம் அனுமானிக்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கடன் வழக்குதான், சாதாரண நோட்டு வழக்கு. அதன் முடிவில் ஒரு பெண் அடிமை இல்லை என்று எழுதப்பட்டது.

1837 எதிர்ப்புக் குறிப்பு மட்டும் சட்டமன்றத்தின் சாதனையா? அந்த ஜனவரியில் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்துத் தீர்மானம் வந்தது. 77 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. அந்த ஆறில் லிங்கன் ஒருவர். அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தது எப்போது? ஆறு வாரம் கழித்து, மார்ச் 3. தலைநகர வாக்கெடுப்பு பிப்ரவரி 28-ல் பத்திரமாக முடிந்த பிறகு. மனதில் இருந்ததைச் சொல்ல ஆறு வாரம் காத்திருக்க வைத்தது சட்டமன்றம். எழுதிய வாசகத்தையும் பாருங்கள். அடிமைமுறை அநீதியிலும் தவறான கொள்கையிலும் பிறந்தது. மாநிலங்களுக்குள் அதில் தலையிட சாசனப்படி காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை, தலைநகர் வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா பகுதியில் உண்டு. இது பிரிவு பிரித்து எழுதிய வக்கீல் வாசகம். லிங்கனின் பெயர் வக்கீல்கள் பட்டியலில் ஏறிய நாள் 1837 மார்ச் 1. பட்டியலில் பெயர் ஏறி இரண்டாம் நாள் எழுதியது அது. கூடக் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர், டான் ஸ்டோன். அவரும் வக்கீல்தான்.

'ரயில்வே கம்பெனி வக்கீல்' என்றும் நண்பர் போகிற போக்கில் சொன்னார். ரயில்வேக்காகவும் வாதாடினார், ரயில்வேயை எதிர்த்தும் வாதாடினார். கட்டணம் தர மறுத்த அதே இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே மேல் 1857-ல் வழக்குப் போட்டு வாங்கினார். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வி, பதின்மூன்றாவது திருத்தம். 1865 ஜனவரி 31, பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56. அந்த வாக்குகளைச் சேர்க்க லிங்கன் பாடுபட்டார், சட்டமன்ற அனுபவம் கை கொடுத்திருக்கும். இதையும் நண்பருக்கே கொடுத்துவிடுகிறேன். எண்ணத் தெரிந்தவர்தான். ஆனால் 1863 ஜனவரி 1-லேயே அடிமை விடுதலைப் பிரகடனம் போட்டாகிவிட்டதே, அப்புறம் ஏன் இந்தத் திருத்தம்? வாக்கு நிறைவேறிய மறுநாள் இரவு வாழ்த்துச் சொல்ல வந்த கூட்டத்திடம் அவரே காரணம் சொன்னார். பிரகடனம் சட்டப்படி செல்லுமா என்று கேள்வி வரலாம். நம் படைகளிடம் வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று வாதிடலாம். அவர்களுக்குப் பின்னால் பிறக்கப்போகும் குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றும் வாதிடலாம். இந்தத் திருத்தம் எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்து என்றார். கேட்டீர்களா? தெற்கோடு நடந்த உள்நாட்டுப் போர் ஜெயிக்கும் தறுவாயில், ஊரே கொண்டாடும் ராத்திரியில், தன் கையால் எழுதிய பிரகடனத்தை எதிர்த்தரப்பு வக்கீல் எப்படி உடைப்பான் என்று எதிரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து, பிறக்காத ஒரு குழந்தை வரைக்கும் போய் ஓட்டையை அடைத்தார். ஒரு தாயையும் நாலு பிள்ளைகளையும் வைத்து எதிர்ப்பக்கம் வாதாடித் தோற்றவருக்கு அந்த ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று தெரியாமல் இருக்குமா?

நேரம் முடிகிறது என்று மணி அடிக்கிறார்கள். ஒன்றே ஒன்று.

1861 பிப்ரவரி. மறுநாள் வாஷிங்டன் கிளம்ப வேண்டும். ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் தன் பழைய அலுவலகத்துக்கு வந்தார். பாக்கி வழக்குகளைப் பற்றி ஹெர்ண்டனோடு பேசினார். அப்புறம் அந்தப் பழைய சோபாவில் கொஞ்ச நேரம் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியின் கீழே 'லிங்கன் அண்ட் ஹெர்ண்டன்' என்ற பெயர்ப் பலகை துருப்பிடித்த கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கிப் போகும்போது அதைக் காட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது அப்படியே தொங்கட்டும். ஜனாதிபதித் தேர்தல் லிங்கன் அண்ட் ஹெர்ண்டன் நிறுவனத்தில் எதையும் மாற்றவில்லை என்று கட்சிக்காரர்களுக்குத் தெரியட்டும். உயிரோடு இருந்தால் ஒருநாள் திரும்பி வருவேன். ஒன்றுமே நடக்காததுபோல நாம் மறுபடி வக்கீல் தொழில் பார்ப்போம்.

நன்றி, வணக்கம்.